ஹெட் போல்ட் இறுகியிருக்கிறதா? பெயின்ட் பொட்டைப் பாருங்கள்

வணக்கம் உறவுகளே. கல்லடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கிறேன். பின்னால் தெரிவது நம்முடைய டொல்பின் வேன். முன் சீட்டைத் தூக்கி வைத்திருக்கிறேன், அதற்கு அடியில்தான் என்ஜின். டொயோட்டா 3எல் டீசல். ஹெட்டை, அதாவது என்ஜின் புளொக்கின் மேல் மூடியைப் பூட்டியாச்சு. மற்றதையெல்லாம் மேலே ஏற்ற முன்னம் போல்ட்டுகளை ஒருக்கா பார்க்கப் போகிறேன்.

இதில் நான் இவ்வளவு மினக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. கண்டிக்கு ஒரு ஹயர் போனபோது, மகியங்கனை தாண்டி பதினெட்டு வளைவு மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருக்கையில் டெம்பரேச்சர் முள் மேலே போய்விட்டது. தண்ணீர் கொதித்து வெளியே பாய்ந்தது. வயதான அம்மா ஒருவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேரை ரோட்டோரம் இறக்கி நிற்க வைத்தேன். ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் ஹெட் கஸ்கட் போயிருந்தது. அதற்கு நாலு மாதம் முன்னம்தான் ஒரு கராஜில் முழு என்ஜினும் செய்து எடுத்தது. கழற்றும்போது பின்பக்கத்துப் போல்ட்டுகள் மூன்று பெலனே இல்லாமல் கழன்று வந்தன. அன்றைக்கே முடிவெடுத்தேன், இனி இந்த வேலையை என் கையால்தான் செய்வேன் என்று.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த என்ஜினுக்கு ஹெட் போல்ட் 18. நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் வெளியே போக வேண்டும். முதலில் 78 நியூட்டன் மீற்றர் முறுக்கு, அதையும் ஒரேயடியாக இல்லாமல் இரண்டு மூன்று சுற்றாக. மறுகா ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் வேனின் முகப்பைப் பார்த்தபடி ஒரு பெயின்ட் பொட்டு. அதே வரிசையில் எல்லாவற்றையும் 90 பாகை திருப்ப வேண்டும், பிறகு இன்னொரு 90. கடைசியில் 18 பொட்டும் பின்பக்கம் பார்த்து நிற்க வேண்டும்.

கிட்டக் கொண்டு வருகிறேன், பாருங்கள். வெள்ளைப் பொட்டு. இது பின்னுக்குப் பார்க்கிறது, இதுவும் சரி, இதுவும்... இங்கே பாருங்கள். ஆகப் பின்னால், டோச் அடித்தால்தான் தெரிகிறது. பொட்டு பக்கவாட்டில் நிற்கிறது. இரண்டாவது 90ஐ நான் தவறவிட்டிருக்கிறேன். கை எட்டாத மூலையில்தான் இப்படி நடக்கும்.

இதைத் திருப்ப முன்னம் ஒன்று காட்டுகிறேன். டோர்க் ரென்ச்சை, அதாவது வைத்த அளவு முறுக்கு வந்ததும் கிளிக் என்று சத்தம் போடும் ரென்ச்சை, 78இல் வைத்து இதே போல்ட்டில் போடுகிறேன். கேட்டதா? கிளிக். போல்ட் அசையவே இல்லை. ரென்ச்சை நம்பியிருந்தால் இதையும் சரி என்று மூடியிருப்பேன். கிளிக் சொல்வதெல்லாம் 78க்குக் குறையவில்லை என்பது மட்டும்தான். தங்கூசியை இழுத்துக் கட்டினால் அது நீண்டு விறைத்து நிற்கிறது அல்லவா, போல்ட்டும் அப்படித்தான். அந்த நீட்சிதான் ஹெட்டை அமத்திப் பிடிக்கிறது. நாம் கொடுக்கும் முறுக்கில் பெரும்பங்கு தலைக்கு அடியிலும் மரையிலும் உரசலுக்கே போய்விடும். அதனால்தான் கடைசி இறுக்கத்தைப் பாகையில் கொடுக்கிறார்கள். மரையிலும் தலைக்கு அடியிலும் மெல்லிசாக ஓயில் தடவச் சொல்வதும் அதற்காகத்தான். ஆனால் போல்ட் இறங்கும் துவாரத்துக்குள் ஓயிலோ தண்ணீரோ தேங்கக் கூடாது. போல்ட் அதில் போய் இடித்து இறுகின மாதிரிக் காட்டும், சிலவேளை புளொக்கே வெடிக்கும்.

இப்போது திருப்புகிறேன். மெதுவாக... நிறுத்தாமல்... இதோ, பொட்டு பின்னுக்கு வந்துவிட்டது.

பழைய என்ஜின்கள் சிலவற்றுக்கு, கொஞ்சத் தூரம் ஓடின பிறகு ஹெட் போல்ட்டைத் திரும்ப இறுக்கச் சொல்லி மெனுவலிலேயே இருக்கும். அங்கேயும் அப்படியே ரென்ச்சைப் போட்டுப் பார்ப்பது சரியில்லை. நின்ற போல்ட்டை அசைக்கக் கூடுதல் பலம் வேண்டும், அதனால் போல்ட் அசைய முன்னமே கிளிக் வந்துவிடும். ஒரு போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி, சொன்ன அளவுக்கு இறுக்கி, பிறகு அடுத்ததுக்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் தளர்த்தினால் கஸ்கட்டின் பிடி போய்விடும். இந்த 3எல் மாதிரிப் பாகைக் கணக்கில் இறுக்கும் போல்ட்டுக்கு அந்த வேலையே வேண்டாம். சும்மா இன்னொரு இழுப்பு இழுத்தால் அளவுக்கு மேல் நீண்டுவிடும்.

உங்கள் என்ஜினின் அளவை உங்கள் மெனுவலில் பாருங்கள், என்னுடைய 78ஐ எடுத்துப் போடாதீர்கள்.

சரி, மிச்சத்தைப் பூட்டுகிறேன். பின்னேரம் தண்ணீர் நிரப்பி ஸ்டார்ட் பண்ணி, செங்கலடி வரைக்கும் ஆளேற்றாமல் ஓடிப் பார்ப்பேன்.