காங்கேசன்துறை சரி, குறிகட்டுவான்?

விழாத் தலைவர் அவர்களே, பிரதேச செயலாளர் அவர்களே, கடற்றொழிலாளர் சமாசத் தலைவர் ஐயா அவர்களே, ஓய்வுபெற்ற அதிபர்மாரே, முன்வரிசையில் இருக்கும் குருக்கள் ஐயா, பங்குத்தந்தை அவர்களே, காலையிலிருந்து தேநீர் ஊற்றிக் களைத்துப்போன மாதர் சங்கத்து அக்காமாரே, எல்லோருக்கும் வணக்கம். பெயர் விடுபட்ட பெரியவர்கள் கோவிக்கக்கூடாது, பட்டியல் தந்தவர் செயலாளர்தான்.

போருக்குப் பிந்தைய கடல்வழியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைத் துறைமுகம், நாகப்பட்டினக் கப்பல், பருத்தித்துறை என்று மூன்று விஷயத்தோடு வந்திருக்கிறேன்.

2009இல் போர் முடிந்த கையோடு காங்கேசன்துறைக்குள் பெரிய கப்பலை விட்டுவிட முடியவில்லை. உள்ளே ஆறு கப்பல்கள் மூழ்கிக் கிடந்தன. அவற்றை எடுக்காமல் மண் தோண்ட முடியாது, தோண்டாமல் ஆழம் வராது, அலைதடுப்பைத் திருத்தாவிட்டால் வந்த கப்பலும் நிம்மதியாகக் கட்டி நிற்காது. இந்திய உதவியோடு 2012 தொடக்கத்தில் அந்த ஆறையும் அகற்றி முடித்தார்கள். 2018இல் துறைமுகத்தைத் திருத்த நாலரைக் கோடி டொலருக்குச் சற்றுக் கூடிய இந்தியக் கடனுக்கு ஒப்பந்தம். 2023 அக்டோபர் 14இல் நாகப்பட்டினத்திலிருந்து செரியபாணி என்ற பயணிகள் கப்பல் வந்தது, கைதட்டினோம், சில நாளிலேயே காலநிலையைச் சொல்லி நிறுத்தினார்கள். மறுபடி 2024 ஆகஸ்ட் 16இல் சிவகங்கை என்ற கப்பல் வந்தது. நல்லது, நன்றி. ஆனால் என் ஆச்சி எதற்கெடுத்தாலும் சொல்லும் பழமொழி ஒன்றுண்டு: அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதை. பெரிய துறைமுகத்தைக் காட்டிச் சின்ன இறங்குதுறைகளை மறக்க வைக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

வல்வெட்டித்துறையாருக்கு இந்தக் கதை தெரியும், மற்றவர்கள் கேளுங்கள். அந்த ஊரில் வேப்பமரத்தில் கட்டிய கப்பல் அன்னபூரணி. பாரந்தூக்கி இல்லை, பொறியியல் பட்டம் இல்லை, கடற்கரை மணலும், கப்பல் கட்டும் தச்சர்களான ஓடாவிமாரின் கையும்தான். ராபின்சன் என்ற அமெரிக்கர், உலகத்தைப் பாய்க்கப்பலில் சுற்றியவர், இதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிப் பெயரையும் 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று மாற்றிவிட்டார். சரி, காசு கொடுத்தவன் மாற்றலாம்! 1937இல் நம் ஊர்ப் பொடியள் அதில் ஏறினார்கள். ஏடன், சூயெஸ், மத்தியதரைக் கடல், அப்புறம் அத்திலாந்திக். 1938 ஆகஸ்ட் 1ஆம் தேதி அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தில் போய் இறங்கியபோது, பாயும் கயிறும் பிடித்துக்கொண்டு வேட்டி கட்டிய மனிதர்கள் நிற்பதைப் பார்த்து அந்த ஊர்க்காரர் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். (இந்த இடத்தில் கைதட்டல் விழுந்தது, தலைவர் ஐயாதான் தொடக்கி வைத்தார்.)

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம்மிடம் கடலறிவு இருந்தது. தொண்ணூறுகளில் தரைப்பாதை அடைபட்டபோது கிளாலிக் கடலேரியைச் சனம் இரவில் வள்ளத்தில் கடந்தது, உயிரும் போனது. நெடுந்தீவார் 1985 மே 15இல் குமுதினிப் படகில் வெட்டுப்பட்டுச் செத்தவர்களை மறக்கவில்லை, ஆனாலும் அடுத்த நாளும் கடலைக் கடந்தேதானே ஆகவேண்டும்? அவர்களுக்குப் படகுதான் பஸ். புங்குடுதீவின் இறங்குதுறையான குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரம். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக் காலத்தில் அந்த ஒரு மணிநேரம் என்னவென்று ஏறிப்போனவருக்குத்தான் தெரியும். பிரசவ வலியோடு ஒரு பிள்ளை நெடுந்தீவின் மாவிலித்துறையில் படகுக்குக் காத்திருப்பதும் போருக்குப் பிந்தைய கடல்வழிதான். அதை அபிவிருத்திக் கணக்கில் யார் சேர்க்கிறார்கள்?

ஆகவே அரசனை நம்பிப் புருசனைக் கைவிடாதேயுங்கள். நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு படகு பழுதானால் அன்றே ஓட மாற்றுப் படகு, இரவில் நோயாளியை ஏற்ற எந்நேரமும் ஆளோடு நிற்கும் ஒரு வேகப்படகு, தீவுகளின் துறைகளில் காற்று அடிக்காத தங்குமிடம். காங்கேசன்துறைக்கு வரும் பணத்தில் ஒரு சிறு துண்டு போதும். பிரதேச செயலாளர் அவர்கள் குறித்துக்கொள்கிறார், மகிழ்ச்சி.

பருத்தித்துறையைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். மண்டப வாசலில் மேசையில் மனு இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குப் போங்கள், போனவர்கள் திரும்பி வருவதில்லை என்பது எனக்குத் தெரியும்.