பழைய செட்டிநாட்டு வீட்டில் 80 பேருடன் கல்யாணம்: ஒரு தங்கையின் கேள்விக்குப் பதில்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு தங்கை அனுப்பியிருக்கிறார். அவருக்கும் அவர் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கும் கல்யாணத்தை 80 பேருக்குள் முடிக்க ஆசை. மண்டபம் வேண்டாம், காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் வைக்கலாம் என்று நினைக்கிறார்கள். மூன்று விஷயம் கேட்கிறார். மண்டபத்தைவிடச் செலவு குறையுமா? வீடு பார்க்கப் போனால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? "ஊரைக் கூப்பிடாமல் என்ன கல்யாணம்" என்று வருத்தப்படும் தாத்தாவுக்கு என்ன சொல்வது?

செலவை முதலில் சொல்லிவிடுகிறேன். இலை குறைவதால் மொத்தச் செலவு குறையலாம். தலைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் கூடத்தான் செய்யும். மண்டபத்தில் நாற்காலி, பாத்திரம், ஜெனரேட்டர், மேடை, பெருக்கித் துடைக்க ஆள் என்று பலதும் வாடகையோடு வந்துவிடும். பழைய வீட்டில் பெரும்பாலும் வீடு மட்டும்தான் கிடைக்கும். மற்றதெல்லாம் வண்டியில் வர வேண்டும், அதே வண்டியில் திரும்பிப் போக வேண்டும். அதனால் பணம் மிச்சமாகும் என்ற எண்ணத்தில் இதில் இறங்காதீர்கள். அந்த வீடு வேண்டும் என்று மனசு கேட்டால் மட்டும் இறங்குங்கள்.

சரி, எந்த மாதிரி வீடு? அந்தப் பக்கம் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, ஓட்டலாக மாறிய வீடுகள். கானாடுகாத்தானில் விசாலம் இருக்கிறது, ஒரு தந்தை தன் மகளுக்காகக் கட்டிய வீடு அது. கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், காரைக்குடியிலேயே 'பங்களா' என்ற பெயரில் ஒன்று. இங்கெல்லாம் தங்கும் அறை, சமையல், கழிப்பறை, தண்ணீர் எல்லாம் அவர்கள் பொறுப்பு. வயதானவர்கள் நிறைய வருகிறார்கள், உங்களுக்கு அலைய நேரமில்லை என்றால் இதுதான் நிம்மதி.

இன்னொரு வகை, குடும்பத்தின் கையிலேயே இருக்கும் பூர்வீக வீடுகள். வருஷத்தில் பல மாதம் பூட்டியே கிடக்கும். முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறப்பார்கள். இந்த வீடுகளில் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டியது, வீட்டுக்கு ஒரு சொந்தக்காரர் இல்லை. பாட்டனார் கட்டிய வீடு பேரன், கொள்ளுப்பேரன் என்று பங்காகி வந்திருக்கும். ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார். சாவி வைத்திருப்பவர் சரி என்று சொல்லிவிட்டால் வீடு கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பங்காளிகள் எல்லோருக்கும் சம்மதம்தானா என்று அவரிடமே நேராகக் கேளுங்கள். வீட்டை நிர்வாகம் செய்பவரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்குங்கள். எத்தனை நாள், வீட்டின் எந்தெந்தக் கட்டு (பகுதி), எத்தனை பேர், முன்பணம் எவ்வளவு, அசைவம் சமைக்கலாமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அதே நாளில் அவர்கள் வீட்டில் ஒரு விசேஷம் வந்தால் என்ன செய்வது என்பதும் இருக்க வேண்டும். இதைக் கேட்கக் கூச்சப்படவே வேண்டாம். பல தலைமுறையாகக் கூட்டாக வீட்டைக் காத்து வருகிறவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

இப்போது வீட்டைப் பற்றி. நான் ரொம்பச் சொல்ல ஆசைப்படுவது இதைத்தான்.

இந்த வீடுகளில் பெரும்பாலானவை 1850-க்கும் 1940-க்கும் இடையில் எழுந்தவை. பர்மா, இலங்கை, மலாயா என்று நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், தொழில் செய்த பணம் இங்கே வீடாக வந்து நின்றது. தூணுக்குப் பர்மாத் தேக்கு, தரைக்கு இத்தாலியப் பளிங்கு, அப்புறம் ஆத்தங்குடிப் பூக்கல் என்கிற பூப்போட்ட தரை ஓடு. ஒரு தெருவில் வாசல் இருந்தால் அடுத்த தெருவில் கொல்லை வாசல் இருக்கும், அவ்வளவு நீளம். ஏன் அவ்வளவு பெரிதாகக் கட்டினார்கள்? இந்த வீடுகளுக்குக் கல்யாணம்தான் முக்கியமான வேலை. நகரத்தார் முறையில் திருப்பூட்டுதல், அதாவது தாலி கட்டுவது, பெண் வீட்டிலேயே நடக்கும். ஊர் உறவெல்லாம் நாள் கணக்கில் தங்கிச் சாப்பிட்டுப் போகும். அதற்குத்தான் முகப்பு, நடு முற்றமான வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று அடுக்கடுக்காகக் கட்டினார்கள்.

இங்கேதான் உங்களுக்கு ஒரு சிக்கல் வரும். நூற்றுக்கணக்கானவர்களுக்காகக் கட்டிய வீட்டில் 80 பேர் போய் நின்றால், காணாமல் போய்விடுவார்கள். ஒருவர் திண்ணையில், ஒருவர் மாடியில், சின்னப் பிள்ளைகள் பின்கட்டில். தாலி கட்டும் நேரத்தில் மாமாவைக் காணோம் என்று ஆள் அனுப்ப வேண்டியிருக்கும். அலங்காரக்காரர் வந்து பார்த்தால் "இவ்வளவு இடம் காலியாக இருக்கிறதே" என்று எல்லா இடத்திலும் துணியும் பூவும் கட்டச் சொல்வார். கேட்காதீர்கள். உங்கள் ஆட்கள் நிறையும் அளவுக்கு மட்டும் வீட்டைத் திறந்து வையுங்கள். வரவேற்பதற்கும் நாதஸ்வரத்துக்கும் முகப்புத் திண்ணை. முகூர்த்தத்துக்கு வளவு. சாப்பிடப் பந்தி போடும் இடம். பெண்ணுக்கு ஒரு அறை, மாப்பிள்ளைக்கு ஒரு அறை, ரொம்ப நேரம் உட்கார முடியாத வயசாளிகளுக்கு நிழலாக ஒரு அறை. மற்றதைப் பூட்டியே வைக்கச் சொல்லிவிடுங்கள். வீட்டுக்காரர்களுக்கும் அது சந்தோஷம், உங்கள் கூட்டமும் ஒன்றாக இருக்கும்.

வளவு என்றால் நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான மகன்கள் ஒவ்வொருவருக்கும் ஒதுக்கிய அறைகள் அவை. மணமேடைக்கு இதைவிட நல்ல இடம் யாரும் கட்டித் தர முடியாது. பின்னால் தேக்குத் தூண், மேலே ஆகாயம். ஓமப் புகை நேராக மேலே போய்விடும், யாருக்கும் கண் எரியாது. நாதஸ்வரத்துக்கு மைக் தேவையே இல்லை, நாலு பக்கச் சுவரும் அந்த ஓசையை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். மேடை என்று உயரமாக எதையும் போட வேண்டாம். மணவறைக்கு இரண்டு பலகை, சுற்றி ஜமுக்காளம், தாழ்வாரத்தில் பெரியவர்களுக்கு நாற்காலி. 80 பேரும் மாலை மாற்றுவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பார்கள். மண்டபத்தில் போட்டோக்காரர்களின் முதுகைத்தான் பார்க்கிறோம், இல்லையா?

வளவு வானம் பார்த்தது என்பதால் மாதம் முக்கியம். தை, மாசி அருமை. ஐப்பசி, கார்த்திகையில் மழைக்குத் தயாராக இருக்க வேண்டும். வைகாசியில் காலை முகூர்த்தம் தாங்கும், பதினோரு மணிக்கு மேல் முற்றத்தில் கால் வைக்க முடியாது. மழைத் தண்ணீர் வெளியேற முற்றத்தின் மூலையில் துவாரம் இருக்கும். முற்றம் முழுக்கப் பூ இதழ் பரப்பி அலங்காரம் செய்தால், ஒரு மழைக்கு அந்த இதழ்கள் போய்த் துவாரத்தை அடைத்துக்கொள்ளும். பிறகு தண்ணீர் தாழ்வாரத்துக்கு ஏறும். பூ பரப்புவதானால் உருளியில் பரப்புங்கள், தரையில் வேண்டாம்.

சுவரையும் தரையையும் பற்றிச் சொல்ல வேண்டும். சில வருஷத்துக்கு முன்னால் நான் கூட இருந்து பார்த்த ஒரு கல்யாணம். அலங்காரத்துக்கு வந்தவர்கள் சுவரில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை வைத்துச் சரம் ஒட்டியிருந்தார்கள். நான் கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை. மறுநாள் உரித்தபோது டேப்போடு சேர்ந்து சுவரின் மேல்பூச்சும் வந்துவிட்டது. அந்தப் பூச்சு சாதாரணப் பெயின்ட் இல்லை. சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு. கண்ணாடி மாதிரி குளிர்ச்சியாக இருக்கும். அதை அதே மாதிரி திரும்பப் பூசத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது லேசில்லை. அந்த வீட்டு ஆச்சி ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் ஆணி, டேப், பசை எதுவும் கூடாது என்று அலங்காரக்காரரிடம் எழுதி வாங்குங்கள். தோரணம் கட்ட வேண்டுமா? தானாக நிற்கும் மூங்கில் சட்டம் வையுங்கள், அல்லது தூணைச் சுற்றிப் பருத்தித் துணி சுற்றி அதன் மேல் நூலால் கட்டுங்கள். ஓமகுண்டத்துக்கு அடியில் செங்கலும் மணலும் தடிமனாக இருக்கட்டும். ஆத்தங்குடிப் பூக்கல் சிமென்ட்டில் செய்தது, புளிப்புப் பட்டால் அரிக்கும். எலுமிச்சை ஜூஸும் ரசமும் அந்தத் தரையில் கொட்டினால் உடனே துடைக்க ஒரு ஆள் நிற்க வேண்டும். மெழுகுவர்த்தி வேண்டாம், குத்துவிளக்குக்குக் கீழே தாம்பாளம் வையுங்கள். சாமி கும்பிடும் அறை ஒன்று இருக்கும். அவர்கள் முன்னோருக்குப் படைக்கும் இடம் அது. போட்டோ எடுக்க அழகாக இருக்கிறதே என்று கேட்காமல் உள்ளே போகக் கூடாது.

அடுத்தது கழிப்பறை. அழகான முகப்பைப் பார்த்து மயங்கி முன்பணம் கொடுத்துவிட்டு, இதைக் கடைசியில் நினைப்பவர்கள் நிறைய. பழைய வீடுகளில் அது கொல்லைக் கடைசியில் இருக்கும். பட்டுப்புடவையோடு அவ்வளவு தூரம் நடக்க வேண்டும், நடுவில் உயரமான நிலைப்படிகள். மூட்டு வலி உள்ளவர்கள் இதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் பாட்டிக்கு அந்த நிலை வரக்கூடாது. 80 பேருக்கு நாலு கழிப்பறையாவது வேண்டும், அதில் ஒன்றாவது மேற்கத்திய வகை, ஒன்றாவது வளவுக்குப் பக்கத்தில். படிகளுக்குச் சரிவாக வைக்க இரண்டு மரப்பலகை செய்துகொண்டு போங்கள்.

மின்சாரம்: வீட்டில் எவ்வளவு லோடு தாங்கும் என்று உங்கள் எலக்ட்ரீஷியனை அழைத்துப் போய்ப் பாருங்கள். பழைய வயரிங்கில் அலங்கார விளக்கைச் செருகாதீர்கள். விளக்கு, மிக்ஸி, கிரைண்டர் எல்லாவற்றையும் ஜெனரேட்டரில் ஓட்டிவிடுங்கள், அதைக் கொல்லைப்புறத் தெருவில் நிறுத்துங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். அந்த ஊர்கள் இரவில் அவ்வளவு அமைதியாக இருக்கும், எட்டு மணிக்கே பாட்டுக் கச்சேரியை முடித்துவிடுவது மரியாதை.

சாப்பாட்டுக்கு ஊர்ச் சமையல்காரரையே பிடியுங்கள். கோயம்புத்தூரிலிருந்து ஆள் கூட்டிப் போகாதீர்கள். காலைப் பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி. மதியம் மண்டி வைக்கச் சொல்லுங்கள். அரிசி கழுவிய தண்ணீரில் வெண்டைக்காய் போட்டு வைக்கும் மண்டியைச் சாப்பிட்டவர்கள் பத்து வருஷம் கழித்தும் சொல்வார்கள். இலைக்கு இரண்டடி என்று வைத்துக்கொண்டு பந்தி நீளத்தை அளந்துவிடுங்கள். எதிரெதிரே இரண்டு வரிசை, ஒவ்வொன்றும் 40 அடி கிடைத்தால் 40 பேர் உட்காரலாம், இரண்டு பந்தியில் முடிந்துவிடும். முதல் பந்தியில் பெரியவர்கள், இரண்டாவதில் நீங்கள் இருவரும் உட்காருங்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு, சென்னையிலிருந்து பல்லவன் ரயில் காரைக்குடி வரை வருகிறது. விமானம் என்றால் மதுரை அல்லது திருச்சி, இரண்டிலிருந்தும் கார் வைத்துக்கொள்ள வேண்டும். கல்யாணப் பதிவையும் மறக்காதீர்கள். நடந்த 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். சின்னக் கல்யாணம் என்று வாட்ஸ்அப்பில் மட்டும் அழைப்பு அனுப்புகிறவர்கள் இங்கே திண்டாடுகிறார்கள், அங்கே பத்திரிகை கேட்பார்கள். வீட்டின் முழு முகவரியோடு கொஞ்சம் பத்திரிகை அச்சடித்து வையுங்கள்.

தாத்தா விஷயம். அவருடைய வருத்தத்தைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் எத்தனை வீட்டுக் கல்யாணத்தில் போய் மொய் எழுதி, பந்தியில் நின்று பரிமாறியிருப்பார்! அந்த வீட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிடாமல் விட்டால், நாளைக்குக் கோயில் வாசலில் அவர்கள் முகத்தை அவர்தானே பார்க்க வேண்டும்? அவருக்கு வேண்டியது கூட்டம் இல்லை, கடன் தீர வேண்டும். அதனால் அவரிடமே ஒரு பட்டியல் கேளுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் இருவருமாகத் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு அந்த வீடுகளுக்குப் போங்கள். வெற்றிலை பாக்கு வைத்து, "கல்யாணத்தைச் சின்னதாக வைக்கிறோம், உங்கள் ஆசீர்வாதம் வேண்டும்" என்று நீங்களே சொல்லுங்கள். கல்யாணம் முடிந்து ஊர் திரும்பியதும் உங்கள் ஊரிலேயே ஒரு மதியச் சாப்பாடு போடுங்கள். மேடை வேண்டாம், இலை போதும். தாத்தா வாசலில் நின்று வரவேற்கட்டும். 80 பேர் பட்டியலில் அவருடைய சிநேகிதர்கள் இரண்டு பேருக்கு இடம் ஒதுக்குங்கள், யார் என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

வீடு பார்க்கப் போகும்போது சாயங்காலம் போகாதீர்கள், எல்லா வீடும் அப்போது அழகாகத்தான் இருக்கும். உங்கள் முகூர்த்த நேரத்துக்கே போங்கள். வெயில் வளவில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். தாத்தாவையும் கூட்டிப் போங்கள், திண்ணையில் கொஞ்ச நேரம் உட்காரட்டும். நீங்கள் கொல்லைப்புறம் போய் எல்லாக் குழாயையும் திறந்து, தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.