வீடு எழும்புகிற இடத்துக்குச் சாலைப் பணம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில், அதாவது நாம் பே ஏரியா என்று சொல்கிற இந்த ஒன்பது கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி), வீடு தேடி அலைந்த எல்லோருக்கும் ஒரு கணக்கு மனப்பாடம். வேலை சன்னிவேலிலோ சான்டா கிளாராவிலோ இருக்கும். கையில் இருக்கிற பணத்துக்கு வீடு கிடைப்பது டிரேசியிலோ மவுண்டன் ஹவுஸிலோ மான்டீகாவிலோ இருக்கும். அப்புறம் வாழ்நாள் முழுக்க விடியும் முன்னே கிளம்பி, ஆல்டமான்ட் கணவாய் தாண்டி, 580 நெடுஞ்சாலையில் ஊர்ந்து ஊர்ந்து வேலைக்கு வருவது. பிள்ளை தூங்கும்போது கிளம்பி, பிள்ளை தூங்கின பிறகு வீடு திரும்புகிற அப்பாக்களை நம் எல்லோருக்கும் தெரியும்.

இதைப் போக்குவரத்துப் பிரச்சினை என்கிறோம். நான் பல ஆண்டுகள் ஒரு நகராட்சியின் போக்குவரத்துப் பிரிவில் வேலை பார்த்தவன். என் அனுபவத்தில் இது முதலில் வீட்டுப் பிரச்சினை. வேலைக்குப் பக்கத்தில் வீடு கட்டாததால்தான் சாலை நிரம்புகிறது. அதனால்தான் சாலைக்குக் கொடுக்கிற பணத்தை வீட்டோடு முடிச்சுப் போடுகிற ஒரு திட்டத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். அதன் பெயர் ஒன் பே ஏரியா கிராண்ட். துறையில் இருப்பவர்கள் சுருக்கமாக ஓபேக் என்பார்கள். இதைக் கொடுப்பது மெட்ரோபாலிட்டன் டிரான்ஸ்போர்ட்டேஷன் கமிஷன், சுருக்கமாக எம்.டி.சி. சென்னைக்காரர்களுக்கு அந்தப் பெயரில் மாநகரப் பேருந்து நினைவுக்கு வரும். இது பேருந்து ஓட்டும் அமைப்பில்லை. கலிஃபோர்னியா சட்டமன்றம் 1970-இல் உருவாக்கிய, ஒன்பது கவுண்டிக்கும் பொதுவான போக்குவரத்துத் திட்ட ஆணையம்.

ஒரு நகராட்சிக்கு வீடு கட்டுவதில் ஏன் ஆர்வம் இல்லை? அதைப் புரிந்துகொண்டால்தான் இந்தத் திட்டத்தின் அருமை தெரியும். 1978-இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் புரோபோசிஷன் 13-ஐ நிறைவேற்றினார்கள். சொத்து வரி, மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. வீடு கை மாறாதவரை அந்த மதிப்பை வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றவும் கூடாது. பழைய வீட்டுக்காரர்களுக்கு அது பெரிய நிம்மதி. நகராட்சியின் கணக்கு மட்டும் தலைகீழாகிவிட்டது. ஒரு குடியிருப்பு வந்தால் பூங்கா, தீயணைப்பு, சாலை என்று செலவு தொடரும். வரவோ ஆண்டுக்கு ஆண்டு மெல்லத்தான் ஏறும். ஒரு கார் விற்பனைக் கூடமோ பெரிய கடையோ வந்தால், விற்பனை வரியில் ஒரு பங்கு நேராக நகராட்சிக் கஜானாவுக்கு வரும். அலுவலகம் வந்தால் பகலில் ஆள் வந்து இரவில் போய்விடுவார்கள். சரி, எந்த நிதி அதிகாரி வீட்டைக் கேட்பார்? எல்லா ஊரும் வேலையைத் தன் எல்லைக்குள் வைத்துக்கொண்டு, வீட்டை அடுத்த ஊருக்குத் தள்ளின. தள்ளித் தள்ளி அது மலை தாண்டி சான் வாக்கின் பள்ளத்தாக்குக்குப் போய்விட்டது.

இந்தக் கணக்கில் ஒரு சின்னப் பங்கையாவது மாற்றத்தான் 2012 மே மாதத்தில் எம்.டி.சி. ஓபேக்கைக் கொண்டுவந்தது. அதற்கு 4 ஆண்டுகள் முன்பே, 2008-இல், எஸ்.பி. 375 என்ற மாநிலச் சட்டம் வந்திருந்தது. கார் புகையைக் குறைக்க வேண்டுமென்றால் வீடும் போக்குவரத்தும் ஒரே திட்டத்துக்குள் வர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. அதைப் பணத்தால் நடத்திக்காட்டும் முயற்சி இது. முதல் சுற்று சுமார் 80 கோடி டாலர். 2022-23 முதல் 2025-26 வரையான மூன்றாம் சுற்று 75 கோடி டாலர்.

பணம் எங்கிருந்து வருகிறது? நீங்கள் காருக்குக் காஸ், அதாவது பெட்ரோல், போடும்போது ஒரு கேலனுக்கு 18.4 சென்ட் மத்திய வரியாகப் போகிறது. 1993 முதல் அந்த வரி ஒரு சென்ட் கூட ஏறவில்லை. அதில் ஒரு பகுதி, 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த இரண்டு நிதித் திட்டங்கள் வழியாகத் திரும்ப வருகிறது. ஒன்று சாலைகளுக்கானது, இன்னொன்று நெரிசலையும் காற்று மாசையும் குறைப்பதற்கானது. ஓபேக்கில் புதுச் சாலை போட முடியாது. நடைபாதை, சைக்கிள் பாதை, பாதுகாப்பான சந்திப்பு, பேருந்து நிறுத்தம், பள்ளிக்கு நடந்து போகும் வழி, பழைய சாலையின் பழுது, இவற்றுக்குத்தான் பணம்.

இப்போது அந்த முடிச்சு. மூன்றாம் சுற்றில் பாதிப் பணம் வட்டாரம் முழுவதற்குமான திட்டங்களுக்கு. மற்றப் பாதி, அதாவது 37.5 கோடி டாலர், கவுண்டிகள் வழியாக ஊர்களுக்கு. எந்தக் கவுண்டி எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. முதல் சுற்றில் பாதி மக்கள் தொகைக்கு. கால் பங்கு, அந்தக் கவுண்டி கட்ட வேண்டும் என்று விதிக்கப்பட்ட வீட்டு எண்ணுக்கு. இன்னொரு கால் பங்கு, உண்மையிலேயே கட்டின வீட்டுக்கு. இரண்டாம் சுற்றில் இதை மாற்றினார்கள். மக்கள் தொகைக்கு 50 சதவீதம் அப்படியே இருந்தது. கட்டின வீட்டின் பங்கு 30 ஆனது, விதித்த எண்ணின் பங்கு 20 ஆனது. குறைந்த வருமானக்காரர்களுக்கான வீடுகளுக்குக் கூடுதல் எடை. விதித்த எண் என்பது காகிதம். கட்டின வீடு என்பது விளக்கு எரிகிற சன்னல். அந்த 5 சதவீத நகர்வு சின்னதாகத் தெரியலாம். என்னைக் கேட்டால் இந்தத் திட்டத்திலேயே சரியான திசையில் எடுத்து வைத்த அடி அதுதான்.

விதித்த எண் என்று சொன்னேன் அல்லவா, அதைத் துறையில் ரீனா எண் என்பார்கள். 2023 முதல் 2031 வரையான எட்டு ஆண்டுகளுக்கு பே ஏரியா முழுவதற்கும் 4,41,176 வீடுகள். சான் ஹோசேக்கு 62,200, ஃப்ரீமான்ட்டுக்கு 12,897, சன்னிவேலுக்கு 11,966. ஒவ்வோர் ஊரும் அந்த எண்ணை எங்கே கட்ட இடம் தருவோம் என்று விவரமாக எழுதி மாநில அரசிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த ஒப்புதல் இல்லாத ஊருக்கு ஓபேக் பணம் கிடையாது என்பது முதல் சுற்றிலிருந்தே உள்ள விதி. இன்னொரு விதியும் உண்டு. பெரிய கவுண்டிகளான அலமேடா, கான்ட்ரா கோஸ்டா, சான்டா கிளாரா, சான் மெட்டேயோ, சான் பிரான்சிஸ்கோ ஆகிய ஐந்தும் தங்கள் பங்கில் 70 சதவீதத்தை முன்னுரிமை வளர்ச்சிப் பகுதிகளுக்காகச் செலவிட வேண்டும். ரயிலோ அடிக்கடி வரும் பேருந்தோ உள்ள இடமாகப் பார்த்து, இங்கே நிறைய வீடு வரட்டும் என்று ஊர்களே முன்வந்து குறித்துக்கொடுத்த பகுதிகள் அவை. வடக்கே உள்ள நான்கு கவுண்டிகளுக்கு 50 சதவீதம்.

இனி, இந்தப் பணம் தரையில் எப்படி இருக்கும் என்று பாருங்கள். எல் கமீனோ ரியால் மாதிரி ஒரு சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு தடம், நடுவில் திரும்பும் தடம், ஓரத்தில் வண்டி நிறுத்தும் இடம். குறுக்கே கடக்க 100 அடி என்று வைத்துக்கொள்வோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, பேரப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு எதிரே உள்ள பூங்காவுக்குப் போகிறார். ஆரஞ்சு நிறக் கை மினுங்கி, பக்கத்தில் எண்கள் இறங்கிக்கொண்டே வருமே, அந்த நேரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் தெரியுமா? மனிதர் ஒரு விநாடிக்கு மூன்றரை அடி நடப்பார் என்று வைத்து. அப்படியானால் 100 அடிக்கு ஏறக்குறைய 29 விநாடி. முட்டி வலியோடு ஒரு விநாடிக்கு இரண்டரை அடி நடக்கிற அம்மாவுக்கு 40 விநாடி வேண்டும். அந்தக் கை மினுங்கத் தொடங்கும் தறுவாயில் அவர் இறங்கியிருந்தால், மீதி 11 விநாடி நடு ரோட்டில் நிற்கிறார். எதிரே வண்டிகளுக்குப் பச்சை விழுகிறது.

இதற்கு வழி இருக்கிறது. இரண்டு பக்கமும் நடைபாதை ஓரத்தை, வண்டி நிறுத்தும் தடத்தின் அகலத்துக்குச் சாலைக்குள் நீட்டிக் கட்டினால் கடக்க வேண்டிய தூரம் ஏறக்குறைய 15 அடி குறையும். நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு கட்டலாம். வண்டிகளுக்குப் பச்சை விழுவதற்குச் சில விநாடி முன்பே நடப்பவருக்கு வெள்ளை விளக்கைப் போடலாம். கேட்க எளிது. ஆனால் ஓரத்தை நீட்டினால் மழைநீர் வடிகாலின் வாய் இடம் மாற வேண்டும்; சிக்னல் கம்பம் இடம் மாற வேண்டும்; சக்கர நாற்காலி இறங்கும் சரிவைப் புதிதாகக் கட்ட வேண்டும். நான்கு மூலைக்கும் சேர்த்தால் செலவு எங்கேயோ போய்விடும். நகராட்சியின் சொந்தப் பணத்தில் இது வருடக்கணக்கில் பட்டியலிலேயே கிடக்கும். ஓபேக் பணம் கிடைத்தால் நகராட்சி 11.47 சதவீதம் போட்டால் போதும்.

சான் பிரான்சிஸ்கோவில் மார்க்கெட் தெருவிலிருந்து பேஸ்பால் மைதானத்துப் பக்கம் போகும் செகண்ட் ஸ்ட்ரீட் இந்த முதல் சுற்றுப் பணம் சேர்ந்து மாறிய தெருதான். கார்களிலிருந்து பிரித்துக் காப்பாற்றிய சைக்கிள் பாதை, தரையிலிருந்து உயர்த்திய கடக்கும் இடங்கள், அகலமான நடைபாதை. சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிய பகுதி அது. புதிதாகக் குடி வந்தவர் காரை எடுக்காமலே ரயிலடிக்கு நடந்து போகலாம்.

அந்தப் பணம் வேலைக்கு வர எடுக்கும் காலம்தான் முதல் குறை. மத்தியப் பணம் என்பதால் சுற்றுச்சூழல் ஆய்வு, மாநில நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி, வட்டாரத் திட்டப் பட்டியலில் சேர்ப்பது என்று ஒவ்வொரு மேசையாகக் கோப்பு நகர வேண்டும். ஒரு சின்ன நடைபாதைக்கும் பெரிய பாலத்துக்கும் ஏறக்குறைய ஒரே தாள் வேலை. வீட்டுக்காரர் குடி வந்து, பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கி, அப்புறம்தான் பள்ளிக்கு நடக்கும் பாதை வருகிறது. நகர சபைக் கூட்டத்தில் அடுக்குமாடியை எதிர்ப்பவர்கள் முதலில் சொல்வது "டிராஃபிக்" என்ற ஒரே காரணம்தான். அவர்களுக்குக் காட்டப் பாதை கையில் இருக்க வேண்டும். வாக்குறுதியைக் காட்டினால் யாரும் நம்புவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. சூத்திரம் எண்ணுவது கவுண்டியை. வீட்டைக் கட்டுவதோ ஊர். சான் ஹோசே ஆயிரக்கணக்கில் கட்டினால் சான்டா கிளாரா கவுண்டியின் பங்கு முழுவதும் ஏறுகிறது. பக்கத்தில் காகிதத்தில் மட்டும் திட்டம் எழுதி ஒப்புதல் வாங்கிவைத்திருக்கும் ஊரும் அதே பங்குக்கு விண்ணப்பம் போடலாம். மூன்றாம் சுற்றில் முன்னுரிமைப் பகுதியின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் இருந்தாலே அந்தப் பகுதிக்கான வேலை என்று எண்ணிக்கொள்ளலாம். ஒரு மைல் என்பது நடந்தால் இருபது நிமிடம். வசதியான சில ஊர்கள் தங்களுக்குள் ஒரு முன்னுரிமைப் பகுதியும் காட்டாமலே இருந்துவிட்டன. அப்புறம் தொகை. அந்த 37.5 கோடி டாலரை இங்குள்ள சுமார் 77 லட்சம் மக்களுக்கும் நான்கு ஆண்டுக்கும் பிரித்துப் பாருங்கள். ஒரு ஆளுக்கு வருடத்துக்குச் சுமார் 12 டாலர். வீடு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்ட ஒரு பணக்கார ஊர் இதை இழந்தால் அசையுமா? அசையாது. பணத் தட்டுப்பாட்டில் இருக்கும் ஊரைத்தான் இது அசைக்கிறது. அந்த ஊர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே வீடு கட்டிக்கொண்டிருப்பவை.

நல்ல முன்மாதிரி எம்.டி.சி.யிடமே இருக்கிறது. ஹவுசிங் இன்சென்டிவ் பூல் என்று ஒன்றை இரண்டாம் சுற்றோடு சேர்த்துக் கொண்டுவந்தார்கள். 2018 முதல் 2022 வரை, பொதுப் போக்குவரத்துக்கு அருகில், குறைந்த வருமானக்காரர்களுக்கான வீடுகளை யார் அதிகமாகக் கட்டினார்கள் அல்லது கைவிட்டுப் போகாமல் காப்பாற்றினார்கள் என்று ஊர் ஊராக எண்ணுவது. முதல் 15 இடத்தில் வருகிறவர்களுக்கு 7.1 கோடி டாலரைப் பிரித்துக் கொடுப்பது. முதலில் கட்டு, பிறகு வாங்கிக்கொள். அதில் கவுண்டிக்குப் பின்னால் ஒளிய இடமில்லை. வாக்குறுதிக்கும் மதிப்பெண் இல்லை. ஓபேக்கின் பெரிய பணமும் இந்த வழிக்கு வர வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. மக்கள் தொகைக்குக் கொடுக்கிற பாதியைக் குறைத்து, கட்டின வீட்டின் பங்கைக் கூட்டட்டும். கவுண்டிக்குள் பிரிக்கும்போதும் ஊரின் கணக்கைப் பார்க்கட்டும்.

நம்மவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும், வருத்தத்தோடு. பார்ட் ரயில் நிலையத்துப் பக்கம் ஆறு மாடி வருகிறது என்றால் எதிர்த்துக் கையெழுத்து வாங்க வருபவர்களில் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. பள்ளியில் இடம் போய்விடும், தெருவில் நிறுத்த இடம் போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஆறு மாடியில் வரப்போவது நேற்று வேலைக்குச் சேர்ந்த நம் தம்பியும் தங்கையும்தான். நம் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற, நம் அப்பாவுக்கு மருத்துவமனையில் ஊசி போடுகிற ஆட்களும்தான். கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்து, இந்தக் கட்டடத்தோடு என்ன நடைபாதை வருகிறது, எந்தச் சந்திப்பு சரியாகிறது என்று கேளுங்கள். வரவில்லை என்றால் அதைக் கேட்டுப் போராடுங்கள். வீட்டை நிறுத்தாதீர்கள்.

எங்கே கேட்பது என்றால், ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு போக்குவரத்து முகமை இருக்கிறது. சான்டா கிளாராவுக்கு வி.டி.ஏ., அலமேடாவுக்கு அலமேடா சி.டி.சி. அவர்கள்தான் ஊர்களிடம் விண்ணப்பம் வாங்கி எம்.டி.சி.க்குப் பட்டியல் அனுப்புகிறார்கள், அதிலிருந்து எம்.டி.சி. தேர்ந்தெடுக்கிறது. மூன்றாம் சுற்றில், கையில் இருந்த பணத்தைவிட 20 சதவீதம் கூடுதலாகப் பட்டியல் கேட்டார்கள், அதாவது சில திட்டங்கள் விழுந்தே ஆக வேண்டும். எது விழ வேண்டும், எது நிற்க வேண்டும் என்பதில் மக்கள் கடிதத்துக்கு எடை உண்டு. விண்ணப்பங்களை எழுதிய அனுபவத்தில் சொல்கிறேன், வரைபடமும் விபத்துக் கணக்கும் எல்லா ஊரும் வைக்கும். அந்தத் தெருவில் நடப்பவர் எழுதிய கடிதம் அபூர்வம். ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் நடப்பவர், சைக்கிளில் போகிறவர், சக்கர நாற்காலியில் போகிறவர் எல்லோருக்கும் இந்த வேலை என்ன செய்கிறது என்ற கேள்விப் பட்டியல் ஒன்று போக வேண்டும் என்பது விதி. உள்ளூர் சைக்கிள், பாதசாரி ஆலோசனைக் குழு அதைப் பார்க்கும். அந்தக் குழுக்களில் பொதுமக்கள்தான் உறுப்பினர்கள். கூட்டம் எல்லோருக்கும் திறந்தது, பல இடங்களில் வீட்டிலிருந்தே சேரலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள். அவர்கள் தமிழில் சொல்லட்டும், நீங்கள் ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுங்கள். எந்தச் சந்திப்பில் பயமாக இருக்கிறது, எத்தனை விநாடி போதவில்லை என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.