செத்த பிறகு 3 நாவல்! ராபர்ட் ஜோர்டனோட கதையை முடிச்சது யாரு?

ஒரு எழுத்தாளர் 2007ல இறந்துட்டார். ஆனா அவர் பேர் போட்ட புது நாவல் 2009ல வந்துச்சு, 2010ல வந்துச்சு, 2013லயும் வந்துச்சு. ஃபேன்டஸி உலகத்துல நடந்த பெரிய மீட்பு வேலை இது. எப்படிப் பண்ணாங்கன்னு பார்ப்போம்.

பின்னணியைச் சட்டுனு முடிச்சிடலாம். ராபர்ட் ஜோர்டன் புனைபெயர். சொந்தப் பேர் ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி. 1948ல அமெரிக்காவுல சார்ல்ஸ்டன்ல பிறந்தவர். வியட்நாம் போர்ல ஹெலிகாப்டர் கன்னர், அப்புறம் இயற்பியல் பட்டம், அப்புறம் அமெரிக்கக் கடற்படையில அணுசக்தி இன்ஜினியர். 1990ல ‘தி வீல் ஆஃப் டைம்’ங்கிற ஃபேன்டஸி நாவல் தொடரோட முதல் பாகம் வந்துச்சு. ஆறு பாகம்னு போட்ட கணக்கு பதினொண்ணு ஆகியும் முடியல. தனக்கு அமிலாய்டோசிஸ்னு 2006ல வெளியில சொன்னார். புரதம் தப்பா மடிஞ்சு உறுப்புகள்ல படியிற அபூர்வ நோய். அடுத்த வருஷம் செப்டம்பர் 16 காலமானார்.

இப்ப முக்கியமான இடம். கதையோட கடைசிக் காட்சியை அவர் முன்னாடியே எழுதி வெச்சிருந்தார்! நோய் முத்தினப்போ மிச்சக் கதையை வீட்டுல இருக்கறவங்ககிட்ட வாயால சொல்லிப் பதிவும் பண்ணார். அவரோட மனைவி ஹேரியட்தான் அவருக்கு எடிட்டரும். பிராண்டன் சாண்டர்சன்னு ஒரு இளம் எழுத்தாளர் எழுதின அஞ்சலி அவங்க கண்ணுல பட்டுச்சு. சாண்டர்சனோட நாவல் ஒண்ணைப் படிச்சுப் பார்த்துட்டு, கதையை முடிக்கிற வேலையை அவர்கிட்டயே கொடுத்தாங்க.

கைக்கு வந்தது காட்சித் துண்டுகளும் குறிப்புகளுமா சுமார் 200 பக்கம். சாண்டர்சன் முதல்ல மொத்தத் தொடரையும் திரும்பப் படிச்சார். அப்புறம் கதாபாத்திரங்களைக் குழுகுழுவாப் பிரிச்சு, ஒவ்வொரு குழுவோட கதையையும் தனியா எழுதி, கடைசியில பின்னினார். பெரிய கதைக்கு நல்ல முறைதான். ஆனா சிக்கலும் அதுலயேதான் வந்துச்சு: ஒரு குழுவோட காலம் முன்னாடி ஓடிடும், இன்னொண்ணு பின்தங்கிடும். அதனாலதான் கதாநாயகன் ராண்டோட அப்பா டாம் பன்னிரண்டாம் பாகத்துல மகனைப் பார்த்துட்டார், பதிமூணாம் பாகத்துல பார்த்தா இன்னும் ராண்டோட நண்பன் பெரினோட முகாம்லயே இருக்கார்! கதையில தப்பு இல்ல, பதிமூணாம் பாகத்துல பெரின் குழுவோட கதை கொஞ்சம் பின்னாடி நாள்ல இருந்து ஓடுது, அவ்வளவுதான்.

இன்னொரு குறை, ராண்டோட இன்னொரு நண்பன் மேட். பன்னிரண்டாம் பாகத்துல அவன் வேணும்னே ஜோக் அடிக்கிற மாதிரி இருக்கும். ஜோர்டனோட மேட் சீரியஸாத்தான் பேசுவான், சிரிப்பு நமக்கு வரும். சாண்டர்சனே இதை ஒத்துக்கிட்டார், அடுத்த பாகங்கள்ல மேட் தேறிட்டான். ஆனா ஜோர்டன் நடையை அச்சு அசலாக் காப்பியடிக்காம விட்டது சரியான முடிவு. காப்பியடிச்சிருந்தா மூணு பாகமும் உயிரில்லாமப் போயிருக்கும்.

ஒரே புத்தகம்னு ஜோர்டன் சொன்ன முடிவு மூணாப் பிரிஞ்சு, மொத்தம் 14 பாகம் ஆச்சு. கடைசிப் பாகத்துல 37ஆம் அத்தியாயம் மட்டும் சுமார் 79,000 வார்த்தை. ஒரு முழு நாவல் அளவுக்கு ஒரே அத்தியாயம், முழுக்க ஒரே போர்! படிக்கப் போறவங்க லீவு நாள் காலையில ஆரம்பிங்க, நடுவுல வைக்க மனசு வராது. படிச்சு முடிச்சவங்க, மேட் எந்தப் பாகத்துல தேறினான்னு கமெண்ட்ல சொல்லுங்க.