காற்றின் கண்

நேயர்களுக்கு வணக்கம். நான் அமர்ந்திருக்கும் இந்த ஒலிப்பதிவு அறையில் ஜன்னல் கிடையாது. அதனாலோ என்னவோ, 'விண்டோ' என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேச ஆசையாக இருக்கிறது.

ஆங்கிலச் சொல் என்கிறோம். உண்மையில் அது கப்பலேறி வந்த சொல். 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தைக் கொள்ளையடிக்கத் தொடங்கிய ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள், 866இல் யார்க் நகரைப் பிடித்தார்கள். பிறகு அந்தப் பக்கத்திலேயே நிலம் உழுது குடியமர்ந்தார்கள். அவர்களின் பழைய நார்ஸ் மொழியில் 'விண்டவுகா' என்றால் காற்றின் கண். அவர்களுடைய வீட்டை நினைத்துப் பாருங்கள். நடுவே கணப்பு, சுற்றிலும் புகை, கண்ணாடி என்ற பேச்சே இல்லை. புகை வெளியேறவும் வெளிச்சம் இறங்கவும் கூரையில் ஒரு துளை. அந்தக் கரிபிடித்த துளைக்குத்தான் இவ்வளவு அழகான பெயர்!

இங்கிலாந்துக்காரர்களிடம் சொல் இல்லாமல் இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'ஏஆக்திரெல்', அதாவது கண்துளை. ஆங்கிலத்தின் பழைய உறவு மொழியான காதிக்கில் எழுதப்பட்ட 4ஆம் நூற்றாண்டு பைபிளில் 'கண்கதவு' என்று பொருள்படும் சொல் இருக்கிறது. ஆக, பெயர் எதுவானாலும் கண் மட்டும் மாறவில்லை. ஜெர்மானியர்கள் லத்தீனிலிருந்து 'ஃபென்ஸ்டர்' என்று எடுத்துக்கொண்டார்கள். அதன் உறவுச் சொல் ஒன்று ஆங்கிலத்திலும் 16ஆம் நூற்றாண்டு வரை புழங்கி மறைந்தது. வேடிக்கை என்னவென்றால், வைக்கிங்குகளின் வழிவந்த ஸ்வீடன்காரர்களும் லத்தீன் பக்கம் போய்விட்டார்கள். டென்மார்க்கிலும் நார்வேயிலும் காற்றின் கண் இன்னும் திறந்தே இருக்கிறது.

நாம் சொல்லும் 'ஜன்னல்' போர்த்துக்கீசியர் தந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே நம்மிடம் 'காலதர்' இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் புகார் நகரத்து மாளிகைகளைச் சொல்லும்போது 'மான்கண் காலதர்' என்கிறது. காற்றும் கண்ணும் இங்கேயும் சேர்ந்துவிட்டன! இதை வைத்து நார்ஸுக்கும் தமிழுக்கும் உறவு கட்டிவிடாதீர்கள். சுவரில் துளை போட்டவர்களுக்கு ஒரே மாதிரி தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

தோற்றுப்போன அந்தக் கண்துளை என்ன ஆயிற்று? 'திரெல்' என்றால் துளை. 'மூக்குத்துளை' என்று பொருள்பட்ட பழைய கூட்டுச்சொல்தான் இன்றைய 'நாஸ்ட்ரில்'. அதன் வால்பகுதியில் அந்தத் திரெல் ஒளிந்திருக்கிறது. துளைத்தல் என்ற பொருளில் புறப்பட்ட அதன் வினைச்சொல்லோ, நெஞ்சைத் துளைக்கும் 'த்ரில்' ஆகிவிட்டது. வணக்கம்.