‘சம்பளம் நேரில்’ போர்டைக் கழட்டுங்க அண்ணாச்சி!

வணக்கம் மக்களே! இன்னைக்கு எரிச்சலோடதான் கேமராவை ஆன் பண்ணியிருக்கேன். நம்ம திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில இருந்து ஜங்ஷன் வரைக்கும் வண்டியில வாரேன், ஜவுளிக்கடை, ஸ்வீட் ஸ்டால், மெஸ், எங்க பாத்தாலும் ஒரே போர்டு: ‘ஆட்கள் தேவை. சம்பளம் நேரில்.’ நம்ம சேனலை ரெகுலரா பாக்குதவங்களுக்கு இந்த ரெண்டு வார்த்தை எனக்கு எவ்வளவு பிடிக்காதுன்னு தெரியும்.

அண்ணாச்சி, சம்பளத்தை ஏன் மறைக்கீங்க? மானூர்ல இருந்து ஒருத்தர் அரை நாளைப் போட்டு, பஸ் ஏறி வந்து, சம்பளம் எவ்வளவுன்னு கேக்கணுமா? வேற கடையில ஒழுங்கா வேலை பாக்குத நல்ல ஆளு இதுக்காக லீவு போட்டு வர மாட்டாரு. யாரு வருவாங்க? வேலையை விட்டுட்டு சும்மா இருக்கவங்க மட்டும்தான். அப்புறம் ‘நல்ல ஆளே கெடைக்கல’ன்னு கமெண்ட்ல வந்து சொல்லுதீங்க.

சரி, தொகையை எழுதியாச்சுன்னு வைங்க. எந்தத் தொகை? இங்கதான் முக்காவாசி பேரு தடுக்கி விழுதாங்க. ஸ்கிரீன்ல பாருங்க. 15,000 ரூவான்னு பேசுதீங்க, முழுசும் அடிப்படைச் சம்பளம். ஆளுகிட்ட இருந்து பி.எஃப்., அதான் வருங்கால வைப்பு நிதி, 12 சதவீதம், 1,800. இ.எஸ்.ஐ., அதான் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு, 0.75 சதவீதம், 112 ரூவா 50 பைசா வரும், அதை மேல ஏத்தி 113. கையில எவ்வளவு? 13,087.

பதிமூணாயிரத்து எம்பத்தேழு! இதை வேலைக்குச் சேர்க்கும்போதே வாயைத் திறந்து சொல்லணும். சொல்லலைன்னா முதல் சம்பளக் கவரைப் பிரிச்சதும் அந்தப் பையன் மனசுல ‘ரெண்டாயிரத்தை அமுக்கிட்டாங்க’ன்னுதான் ஓடும். அடுத்த வாரம் பக்கத்துக் கடையில நிப்பான். நீங்க ஒத்த ரூவா ஏமாத்தல, ஆனா ஆளு போயாச்சு. அதனால போர்டுலயே எழுதுங்க: ‘கையில் 13,087. பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு.’ மறுபடியும் சொல்லுதேன், கையில வருத தொகையை எழுதுங்க.

உங்க செலவையும் பாத்துக்கிடுங்க. முதலாளி பங்கு பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் 488, பி.எஃப்.போட சேர்ந்த இன்சூரன்ஸ் 75, பி.எஃப். நிர்வாகக் கட்டணம் 75. ஆக சம்பளத்தோட சேத்து ஒரு ஆளுக்கு 17,438. அடுத்த மாசம் 15-ந் தேதிக்குள்ள கட்டிரணும்.

ஆங், ஒண்ணை விட்டுட்டேன். கடையில பத்து பேரு வேலை பாத்தா இ.எஸ்.ஐ. கட்டாயம், இருபது பேரு பாத்தா பி.எஃப். கட்டாயம். ஒரு தடவை உள்ள வந்துட்டா, பின்னாடி ஆளு குறைஞ்சாலும் தொடர்ந்து கட்டணும். சம்பளம் 21,000-த்துக்கு மேலன்னா இ.எஸ்.ஐ. கெடையாது.

அடுத்தது பஸ். கடையடைக்க 9.30 ஆகும்னா, பிள்ளைங்களைச் சேர்க்கும்போதே அவங்க ஊருக்குக் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்குன்னு கேளுங்க. சாதாக் கட்டண டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசு கெடையாது. அதை விட்டுட்டா ஆட்டோதான். தினம் ஆட்டோவுக்கு அழுதா சம்பளத்துல என்ன மிஞ்சும்? சீவலப்பேரி பிள்ளையை ஒரு மணி நேரம் முன்னாடி அனுப்பிட்டு, காலையில ஒரு மணி நேரம் முன்னாடி வரச் சொல்லுங்க. உங்களுக்கு ஒண்ணும் குறையாது.

லீவு விஷயம். பங்குனி உத்திரத்துக்கு லீவு இல்லன்னு நம்ம ஊருல சொல்லவே கூடாது! அன்னைக்கு இங்க நெறைய பேரு குடும்பத்தோட அவங்கவங்க குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போவாங்க. உங்கள்லயும் நெறைய பேரு போவீங்க. கொடை, அதான் ஊர்க் கோயில் திருவிழா, அது மட்டும் ஊருக்கு ஊரு தேதி மாறும். சேரும்போதே ஒரு நோட்டுல ஊரு, கோயில், கொடை எந்த மாசம்னு எழுதி வாங்கிருங்க. ஒரே ஊருல இருந்து நாலு பேரை எடுத்தீங்கன்னா கொடைக்கு நாலு பேரும் ஒண்ணாக் கெளம்புவாங்க, கல்லாவுல நீங்க மட்டும்தான் நிப்பீங்க. ஊரைப் பிரிச்சு எடுங்க.

அப்புறம் ஸ்டூல். கடையில நிக்கவங்களுக்கு உட்கார இருக்கை குடுக்கணும்னு தமிழ்நாட்டுல 2021-லயே சட்டத்திருத்தம் கொண்டு வந்தாச்சு. வாங்கிப் போட்ட ஸ்டூல் மேல கேரி பேக் கட்டை அடுக்கி வெச்சா அது ஸ்டூலா? கவுண்டருக்குப் பின்னால ரெண்டடி இடத்தைக் காலி பண்ணி, கூட்டம் இல்லாதப்போ உட்காரலாம்னு நீங்களே சொல்லணும். நீங்க சொல்லாம ஒருத்தரும் உட்கார மாட்டாங்க. கால் வலியைத் தாங்கிட்டு நிப்பாங்க, பொறவு ஒருநாள் வர மாட்டாங்க.

அசல் சர்ட்டிபிகேட்டை வாங்கி வைக்கது, முதல் மாசச் சம்பளத்தைப் பிடிச்சு வைக்கது, இந்த ரெண்டும் எனக்கு அறவே ஆகாது. பயந்து நிக்குத ஆளு வழி கெடைச்ச அன்னைக்கே போயிருவாரு. அட்வான்ஸ் குடுத்தா மாசம் எவ்வளவு பிடிப்போம்னு எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஒரு காப்பி அவங்க கையில குடுங்க.

அய்யோ, பி.எஃப்.லயே இன்னொண்ணு இருக்கு! இனிஷியல். ஆதார்ல பேருக்கு முன்னாடி இருக்கும், பேங்க் பாஸ்புக்குல பின்னாடி இருக்கும், சிலருக்கு அப்பா பேரே முழுசா இருக்கும். பின்னாடி பணம் எடுக்கப் போறப்போ இதுல மாட்டிக்கிட்டு, ‘முதலாளி கட்டவே இல்ல’ன்னு உங்க மேலதான் பழி வரும். சேருத அன்னைக்கே ரெண்டையும் பக்கத்துல வெச்சு எழுத்துக்கு எழுத்து பாருங்க. மாறியிருந்தா பேங்க்ல குடுத்துத் திருத்தச் சொல்லி, அதுக்கு அரை நாள் லீவும் குடுங்க. இ.எஸ்.ஐ.ல குடும்பத்து ஆளுங்க விவரத்தையும் அன்னைக்கே ஏத்திருங்க.

புதுசா போர்டு எழுதினவங்க போட்டோ அனுப்புங்க, அடுத்த வீடியோவுல காட்டுதேன்.