கண்மாய்ச் சிப்பியின் வயதை ஓட்டுக் கோடுகளை எண்ணிச் சொல்ல முடியுமா? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். மேலூருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து எழுதியிருக்கும் நேயர், தங்கள் ஊர்க் கண்மாய் வற்றியபோது சேற்றில் கிடைத்த சிப்பிகளின் படங்களை அனுப்பியிருக்கிறார். மரத்தின் வளையங்களை எண்ணுவது போல ஓட்டின் கோடுகளை எண்ணி வயது சொல்லலாமா, பெரிய சிப்பி என்றால் வயது கூடியது என்று கொள்ளலாமா, இவை எத்தனை ஆண்டுகள் உயிர் வாழும் என்று கேட்டிருக்கிறார். மூன்று கேள்விகளும் ஒரே இடத்துக்குத்தான் நம்மைக் கொண்டு செல்கின்றன. சிப்பியின் வளர்ச்சியையும் ஆயுளையும் அது கிடக்கும் தண்ணீரே பெரிதும் தீர்மானிக்கிறது; அந்தத் தண்ணீரின் வரலாறு தெரியாமல் ஓட்டை மட்டும் வைத்துக்கொண்டு வயது சொல்ல இயலாது.

சிப்பியின் உடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தோல் மடிப்பை மேன்டில் என்கிறோம். அதுதான் நீரில் கரைந்துள்ள கால்சியத்தைக் கொண்டு சுண்ணாம்பை அடுக்கடுக்காகப் படிய வைத்து ஓட்டைக் கட்டுகிறது. ஓடு நீளத்திலும் அகலத்திலும் பெருகுவது விளிம்பில் மட்டுமே. உட்புறத்தில் முத்துப் போலப் பளபளக்கும் அடுக்கு தடித்துக்கொண்டே போகிறது. ஆகவே இரண்டு ஓடுகளும் இணையும் மூட்டுக்கு அருகில் புடைத்திருக்கும் பகுதியே சிப்பியின் குழந்தைப் பருவம், வெளி விளிம்பு நேற்று வளர்ந்தது. ஏதோ ஒரு காரணத்தால் வளர்ச்சி நின்று, பிறகு மீண்டும் தொடங்கும்போது அந்த இடத்தில் கருமையான கோடு ஒன்று விழுகிறது.

குளிர் நாடுகளில் வளர்ச்சியை நிறுத்துவது பெரும்பாலும் குளிர்காலம். அது ஆண்டுக்கு ஒரு முறை தவறாமல் வருவதால் அங்கே கோட்டுக்கு ஓர் ஆண்டு என்று கணக்கிட முடிகிறது. அங்கும்கூட வெறுங்கண்ணால் எண்ணுவதில்லை, ஓட்டை அறுத்து மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். ஐஸ்லாந்துக் கடலில் 2006ஆம் ஆண்டு எடுக்கப்பட்டு, பின்னர் ‘மிங்’ என்று பெயர் பெற்ற மட்டிக்கு முதலில் 400 ஆண்டுகளுக்குச் சற்று மேல் என்று வயது கணித்தார்கள். மூட்டுப் பகுதியில் கோடுகள் மிக நெருங்கிக் கிடந்ததால் பல விடுபட்டிருந்தன. 2013இல் மறுபடியும் ஆராய்ந்தபோது வயது 507 என்று தெரிய வந்தது. மதுரையில் நாயக்கர் ஆட்சி தொடங்குவதற்கு முன்பே பிறந்து நம் காலம் வரை உயிரோடு இருந்த ஓர் உயிர் அது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நம் பக்கத்தில் அப்படிப்பட்ட குளிர்காலம் கிடையாது. சித்திரை வெயிலில் கண்மாய்த் தண்ணீர் சுண்டிச் சூடேறும்போது வளர்ச்சி நிற்கலாம். ஐப்பசி மழையில் வரத்துக் கால்வாய் வழியே செம்மண் கலங்கலாக வந்து சேரும்போது, வண்டல் செவுளை அடைத்துவிடாதபடி சிப்பி ஓட்டை மூடிக்கொள்வதாலும் நிற்கலாம். இனப்பெருக்கத்துக்கு ஆற்றல் முழுவதும் செலவாகும் காலத்திலும் நிற்கலாம். இதனால் ஒரே ஆண்டில் இரண்டு மூன்று கோடுகள் விழுவதும் உண்டு, நீர் வற்றாமல் நின்ற நல்ல ஆண்டில் தெளிவான கோடு எதுவும் விழாமல் போவதும் உண்டு. மேலும் நீங்கள் அனுப்பிய படங்களில் மூட்டுப் பக்கம் மேல்தோல் உரிந்து வெள்ளையாகத் தேய்ந்திருக்கிறது. நீர் ஓட்டைச் சிறிது சிறிதாக அரித்ததால் ஏற்பட்ட தேய்மானம் அது. தொடக்க காலக் கோடுகள் அதனோடு சேர்ந்து மறைந்துவிட்டன.

அளவை வைத்து வயது சொல்வது இன்னும் கடினம். எல்லாச் சிப்பியும் இளமையில் வேகமாக வளர்ந்து, இனப்பெருக்கப் பருவம் அடைந்த பின் மெதுவாகவே வளரும் என்பதால், முழு அளவை எட்டிய இரு சிப்பிகளுக்கு இடையே பல ஆண்டு வயது வேறுபாடு இருந்தாலும் அளவில் அது தெரியாது. உணவும் அப்படியே. சிப்பி நீரை உறிஞ்சிச் செவுளால் வடிகட்டி, அதிலுள்ள நுண்பாசியையும் நுண்துகள்களையும் உண்கிறது. மலபார்க் கரையின் கழிமுகங்களில் கயிற்றில் கட்டித் தொங்கவிடும் கல்லுமக்காய் என்ற கடல் சிப்பி எந்நேரமும் உணவு நிறைந்த நீரில் இருப்பதால் சில மாதங்களிலேயே விற்பனை அளவுக்கு வந்துவிடுகிறது, தென்மேற்குப் பருவமழையில் உப்புத்தன்மை குறைந்து அது இறந்துவிடும் என்பதால் அதற்குள் அறுவடையும் செய்துவிடுகிறார்கள். ஓதம் இறங்கும்போது நீருக்கு வெளியே நிற்கும் பாறையில் ஒட்டிய கல்லுமக்காய்க்கு அந்த வேகம் வாய்ப்பதில்லை.

ஆயுளைப் பொறுத்தவரை, குளிர்ந்த நீரில் மெதுவாக வளர்வது நீண்ட நாள் வாழ்கிறது, வெதுவெதுப்பான நீரில் விரைந்து வளர்வது விரைவில் முடிந்துவிடுகிறது என்பது பெரும்பாலும் பொருந்தும் விதி. ஐரோப்பாவின் நன்னீர் முத்துச்சிப்பி ஒரே இனமாக இருந்தும், ஸ்பெயின் ஆறுகளில் சில பத்தாண்டுகளும் வடதுருவத்தை ஒட்டிய ஆறுகளில் 100 ஆண்டுகளுக்கு மேலும் வாழ்கிறது. நம் வெப்ப நீர்க் கண்மாய்ச் சிப்பிகளில் அத்தகைய ஆயுளை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

இங்கே முதுமையைவிட வறட்சியே பெரும்பாலும் அவற்றின் முடிவாக அமைகிறது. உங்கள் படத்தில் இருப்பது நம் கண்மாய்களில் பரவலாகக் காணப்படும் லேமெல்லிடென்ஸ் என்ற நன்னீர்ச் சிப்பிப் பேரினத்தைச் சேர்ந்ததாகத் தெரிகிறது. நீர் வற்றும்போது இது ஈரச் சேற்றுக்குள் புதைந்து, ஓட்டை இறுக மூடிக்கொண்டு காத்திருக்கக்கூடியது. மூடிய ஓட்டுக்குள் பிராணவாயு தீர்ந்ததும் உடலில் அமிலம் சேரும். அதைச் சரிக்கட்ட ஓட்டின் உட்புறச் சுண்ணாம்பே சிறிது கரைகிறது. அடிச்சேறும் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துவிட்டால் அதற்குமேல் தாங்காது. கரம்பை மண்ணுக்காக அடிவரை தோண்டி எடுக்கும்போதும் புதைந்திருக்கும் சிப்பிகள் மண்ணோடு போய்விடுகின்றன. தூர்வாருவது அவசியம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் மடையை ஒட்டிய ஆழமான பகுதியில் ஈரம் காயாத ஓர் இடத்தையாவது தொடாமல் விட வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

கழிவுநீர் கலக்கும் இடங்களில் நிலை வேறு. அங்குள்ள அமோனியாவை வளர்ந்த சிப்பி ஓரளவு தாங்கினாலும் குஞ்சுகள் தாங்குவதில்லை. அத்துடன், இச்சிப்பிகளின் இளம் பருவம் மீனின் செவுளிலோ துடுப்பிலோ சில காலம் ஒட்டி வாழ்ந்த பிறகே சேற்றில் இறங்குகிறது. பொருத்தமான மீன் இல்லாத கண்மாயில் முட்டையிடும் சிப்பி இருந்தும் அடுத்த தலைமுறை உருவாகாது. எனவே ஒரு கண்மாயில் பெரிய சிப்பிகள் மட்டுமே கிடைக்கின்றன என்றால், அதைச் செழிப்பின் அடையாளம் என்று எண்ணி மகிழ வேண்டாம். பல ஆண்டுகளாகக் குஞ்சு பிழைக்கவில்லை என்று ஐயப்பட வேண்டும்.

உங்கள் கண்மாயின் வளர்ச்சி வேகத்தை அறிய நல்ல வழி ஒன்று உண்டு. உயிருள்ள சிப்பிகள் சிலவற்றை எடுத்து, வெர்னியர் அளவுகோலால் நீளத்தைக் குறித்துக்கொண்டு, ஓட்டின் மேற்பரப்பில் மெல்லிய அரத்தால் உள்ளே துளை விழாதபடி அடையாளக் கீறல் இட்டு, எடுத்த இடத்திலேயே உடனடியாகச் சேற்றில் விட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் தேடிக் கிடைத்தவற்றை மீண்டும் அளந்து, இடையில் எத்தனை புதிய கோடுகள் விழுந்தன, கண்மாய் எந்த மாதம் நிறைந்தது, எப்போது வற்றியது என்பவற்றையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். அந்தக் குறிப்பு கையில் இருந்தால் உங்கள் ஊர்ச் சிப்பியின் வயதைப் பற்றி இன்னும் திருத்தமாகப் பேச முடியும்.